அருணாசலனார் வகுத்த அட்டவணை

தோட்டத்திலே பேர் என்ற சொல்லுக்கு ஊரில் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலையைக் குறித்த அளவுக்குச் செய்து முடித்தவருக்கு ஒரு பேர் விழும். கொழுந்தின் நிறை குறைந்தாலும், நடுப்பகலோடு மலையை விட்டு இறங்க நேர்ந்தாலும் அரைப்பேர்தான். மாத முடிவில் செக்ரோலில் உள்ள பேர்களைக் கூட்டினால் சம்பளம் இவ்வளவென்று தெரியும். ஆனால், அத்தோட்டத்தில் எத்தனை மனிதர் வாழ்கின்றனர் என்பது தெரியாது. தொட்டிலிலே கிடக்கும் குழந்தைக்கும், கண் மங்கி லயத்து வாசலில் குந்தியிருக்கும் பாட்டிக்கும் அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றிலே நான் கணிதம் கற்பித்து வருகிறேன். தரவுகளைத் திரட்டி, வரவுக்குறி இட்டு, அட்டவணையாக்கி, சலாகை வரைபாகக் காட்டும் பாடத்தை நடத்துகையில், வீட்டிலுள்ள பெரியவர்கள் சென்ற மாதம் வேலைக்குப் போன நாட்களை எழுதிவரும்படி மாணவரைப் பணித்தேன். மறுநாள் ஒரு மாணவி எழுந்து, தன் தாய்க்கு விழுந்த அரைப்பேருக்கு எத்தனை கோடு இடுவது என்று கேட்டாள். வரவுக்குறியிலே அரைக்கோடு கிடையாது. இரண்டு அரைப்பேர்களைச் சேர்த்து ஒரு கோடாகப் போடு என்று சொல்லிச் சமாளித்தேன். கணக்குப்படி அது சரி. ஆயினும் அவள் தாய் மலையேறியது ஒரு நாளா, இரண்டு நாளா என்ற கேள்வி அந்த ஒற்றைக் கோட்டுக்குள் மறைந்துபோயிற்று என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். எதை ஒன்றென்று எண்ணுவது, எதனை எதனோடு சேர்ப்பது, எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்னும் இம்மூன்றையும் ஒரு நாடு முழுவதற்கும் தீர்மானிக்க வேண்டியிருந்த தமிழர் ஒருவரின் நினைவு அப்பொழுது எனக்கு வந்தது. அவர்தாம் 1901ஆம் ஆண்டின் இலங்கைக் குடிசன மதிப்புக்கு அத்தியட்சகராக இருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவர் என்றும், பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடி என்றும் அவரை நம் மாணவர் அறிவர். பேராதனையிலே அவர் பெயரால் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. கொழும்பிலே பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முன்றிலில் 1930ஆம் ஆண்டு நாட்டிய அவரது சிலை நிற்கிறது. ஆனால், எண்களை ஒழுங்குபடுத்திய அருணாசலத்தை அறிந்தவர் சிலரே. என் மதிப்பில், மற்ற அருணாசலங்களைப் புரிந்துகொள்ள இந்த அருணாசலமே வாயில்.

அவர் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை நிறுவிய பொன்னம்பல முதலியார். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. தமையன்மார் இருவரில் ஒருவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். இத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்கு வாழ்க்கை ஏற்கெனவே பாதி எழுதப்பட்டிருக்கும். மற்றப் பாதியை அவர் தம் படிப்பினால் எழுதிக்கொண்டார். இன்று ரோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியிலே பயின்று, 1870ஆம் ஆண்டு பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியைச் சேர்ந்தார். அங்கே அவர் கற்றவற்றுள் கணிதமும் கிரேக்க இலத்தீன் இலக்கியங்களும் முதன்மையானவை. எண்ணையும் எழுத்தையும் இரு கண்ணென்று போற்றிய மரபிலே வந்தவருக்கு இவ்விரு துறையும் ஒருசேர வாய்த்தமை பொருத்தமே. எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நட்பும் அங்கேதான் கிட்டிற்று.

1875ஆம் ஆண்டு பகிரங்கப் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. பின்னர்ப் பல ஊர்களில் நீதிபதியாகக் கடமையாற்றினார். 1890ஆம் ஆண்டு கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்தபோது, குருநாகலிலே நீதிபதியாயிருந்த நண்பரின் வீட்டிலேதான் தங்கினார். நம் இரத்தினபுரியின் தலைக்குமேல் நிற்கும் சிவனொளிபாத மலையைத் தம் பயண நூலின் தலைப்பிலேயே அவர் வைத்தார் என்பது இப்பகுதியார் மகிழத்தக்க செய்தி.

நீதிமன்ற ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் கதை 1887இல் திரும்புகிறது. அவ்வாண்டு தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன், முதுநிலை உத்தியோகத்தர் பலரைக் கடந்து அருணாசலத்தைப் பதிற்பதிவாளர் நாயகமாக நியமித்தார். மேலிடங்களில் இதனால் எழுந்த மனக்கசப்பு சிறிதன்று. காணி உறுதிகளும், பிறப்பு இறப்பு விவாகப் பதிவுகளும் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து குவியும் இடம் அத்திணைக்களம். குவியல் வேறு, தொகுதி வேறு. ஆயிரம் மரணப் பதிவுகள் ஓர் அறையிலே அடுக்கப்பட்டிருப்பின் அது குவியல். அவற்றை மாவட்டம், வயது, நோய், மாதம் என்று பிரித்து எழுதினாற்றான், எந்த மாவட்டத்தில் எந்த மாதத்தில் எந்த வயதினர் மிகுதியாய் இறக்கின்றனர் என்று கேட்கவேனும் முடியும். அருணாசலம் அத்திணைக்களத்தைச் சீர்திருத்தினார்; பிறப்பு இறப்புப் பதிவு பற்றிய 1895ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் காலத்ததே.

எண்களைப் படமாக்கும் கலை அப்பொழுது உலகிற்குப் புதியதன்று. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் 1786ஆம் ஆண்டிலேயே கோட்டு வரைபுகளைக் கொண்ட வணிக நூலொன்றை வெளியிட்டார். அதிலே ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்துக்குப் பல ஆண்டு விவரம் இருந்தமையால் அவர் கோடுகளை வரைந்தார்; ஸ்கொட்லாந்துக்கோ 1781ஆம் ஆண்டு ஒன்றின் விவரமே கிடைத்தமையால், கோடு இழுக்க வழியின்றிச் சலாகைகளாய் நிறுத்தினார். நம் பிள்ளைகள் இன்று வரையும் சலாகை வரைபு இவ்வாறு ஒரு வறுமையிலே பிறந்தது. பின்னர், கிரைமியப் போரிலே குண்டு பட்டு இறந்த வீரரைக் காட்டிலும் நோயால் இறந்தோர் எத்துணை மடங்கு என்பதைப் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1858இல் வட்டத் துண்டுகளாய் வரைந்து காட்டினார். அவ்வெண்கள் அதற்கு முன்னரும் இருந்தவையே. ஒரே படத்தில் அருகருகே நின்றபோதுதான் அவை எவரும் விலக்க முடியாத சாட்சியாயின.

இலங்கையிலே முறையான முதற் குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு நடந்தது. அப்போது 24,00,380 பேர். 1881இல் 27,59,738 பேர். 1891இல் 30,07,789 பேர். நான்காவது மதிப்பு அருணாசலத்தின் பொறுப்பில் 1901 மார்ச் 1ஆம் நாள் எடுக்கப்பட்டது. இந்தியாவின் கணக்கெடுப்பும் அதே நாளை ஒட்டியே நிகழ்ந்தது. கடலைக் கடந்து வருவதும் போவதுமாய் இருந்த தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை இது பெரிய நன்மை. ஒருவர் இரு கரையிலும் எண்ணப்படவோ, இரு கரையிலும் விடுபடவோ இடம் குறைந்தது.

முடிவு 35,65,954. படை வீரரையும், துறைமுகக் கப்பல்களில் இருந்தோரையும், போர்க் கைதிகளையும் சேர்த்தால் 35,78,333. கைதிகள் என்றவுடன் வாசகர் வியக்கலாம். தென்னாபிரிக்கப் போரிலே பிடிபட்ட போயர்கள் 4,914 பேர் அவ்வேளை இத்தீவிலே, பெரும்பாலும் ஊவாவின் தியத்தலாவை முகாமிலே அடைபட்டிருந்தனர். நூல்களில் இவ்விரு தொகையும் மாறி மாறி வரும். மாணவர் ஒன்றைப் பிழையென்று தள்ளிவிடுவர். இரண்டும் சரியே, தலைப்பை வாசியாமல் எண்ணை வாசிப்பதே பிழை.

சப்பிரகமுவ மாகாணத்தின் பங்கு 3,21,755 பேர். இத்தொகையை வகுப்பில் எழுதிப் போட்டுப் பெரிதா, சிறிதா என்று கேட்டால் எவராலும் விடை சொல்ல முடியாது. தனித்து நிற்கும் எண் ஊமை. ஒன்பது மாகாணங்களையும் சனத்தொகைப்படி வரிசையாக நிறுத்தினால், 9,25,342 பேரோடு மேல் மாகாணம் முதலில் நிற்க, நம் மாகாணம் ஆறாவதாய் நிற்கும். இனிப் பரப்பு என்னும் நிரலைப் பக்கத்திலே எழுதுவோம். மேல் மாகாணம் 1,432 சதுர மைல். சப்பிரகமுவ 1,901 சதுர மைல். சிறியதிலிருந்து எண்ணினால் நம்முடையது இரண்டாமிடம். ஒன்றை மற்றதால் வகுத்து மூன்றாம் நிரலை எழுதினால், சதுர மைலுக்கு மேல் மாகாணத்தில் 646 பேர், மத்திய மாகாணத்தில் 271, தென் மாகாணத்தில் 264, நான்காவதாய்ச் சப்பிரகமுவவில் 169. வட மத்திய மாகாணத்தில் 20 பேர் கூட இல்லை. ஆறாமிடத்தில் நின்ற மாகாணம், ஒருவர் கூடாமலும் ஒருவர் குறையாமலும், நான்காமிடத்திற்கு ஏறிவிட்டது.

இதை வகுப்பிலே படமாக்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நூறு பேருக்கு ஒரு சாண் என்று சுவரிலே கரிக்கோடு இழுத்தோம். மேல் மாகாணத்துக்கு ஆறரைச் சாண் வேண்டியிருந்தது. ஒரு பையன் வாங்கின் மேல் ஏறி நின்று வரைந்தான். சப்பிரகமுவ ஒன்றே முக்காற் சாணுக்குச் சற்றுக் குறைவு. வட மத்தியம் இரண்டரை விரற்கடையோடு நின்றுவிட்டது. அநுராதபுரத்தின் பெருமையைப் படித்திருந்த பிள்ளைகள், அத்தனை ஏரிகளையும் தூபிகளையும் கட்டிய நாட்டிலே இத்தனை சிலரா இருந்தனர் என்று வியந்தனர். காட்டையும் காய்ச்சலையும் பற்றி அன்று பேச நேர்ந்தது. அட்டவணை பத்து நிமிடத்தில் விளங்கிற்று. படமோ ஒரு பாடவேளை முழுவதும் கேள்வி கேட்க வைத்தது.

சப்பிரகமுவவின் வளர்ச்சியைக் கோட்டு வரைபாக இழுக்க முற்படுவோர் ஒரு பள்ளத்திலே விழக்கூடும். இம்மாகாணம் 1889ஆம் ஆண்டிலேதான் தோன்றிற்று. அதற்கு முன் இரத்தினபுரியும் கேகாலையும் மேல் மாகாணத்தில் அடங்கியவை. 1881ஆம் ஆண்டு மேல் மாகாணத்தையும் 1891ஆம் ஆண்டு மேல் மாகாணத்தையும் அப்படியே ஒப்பிட்டால், ஒரு குடும்பமேனும் இடம் பெயராமலே இரண்டு மாவட்டத்து மக்கள் காணாமற்போனது போலத் தோன்றும். கணக்கை ஒழுங்குபடுத்துவோர் முதலில் செய்யவேண்டியது, பழைய எண்களைப் புதிய எல்லைக்குள் மீண்டும் கூட்டியெழுதுவது. அலுப்பூட்டும் வேலை. அதைச் செய்தவரை எவரும் பாராட்டுவதில்லை. செய்யாவிட்டாலோ மற்றெல்லா உழைப்பும் பொய்யாகும்.

வயதைப் பற்றியும் இவ்வாறே. பிறந்த நாள் எழுதி வையாத மக்களிடம் வயதைக் கேட்டால், முப்பது என்பர், நாற்பது என்பர். இருபத்தொன்பது என்போர் அரியர். வந்தபடியே வரைந்தால் 30, 35, 40 என்னும் இடங்களில் மலைகளும் இடையிலே பள்ளங்களும் தோன்றும். ஆண்டுகளை ஐந்தைந்தாய்த் தொகுத்து வகுப்பாயிடைகளாக்கினால் அந்தச் செயற்கை மலைகள் ஓரளவு தணியும். தொகுப்பது தரவைக் குறைப்பதற்கன்று, அதன் குறையைத் தாங்குவதற்கு என்று நான் மாணவருக்குச் சொல்வதுண்டு.

இப்பொழுது தோட்டங்களுக்கு வருவோம். கோப்பி நோயால் அழிந்து, தேயிலை மலை மலையாய்ப் பரவிய காலம் அது. எட்டியாந்தோட்டை, தெகியோவிட்டை, தெரணியகலை, இரக்குவானை, பலாங்கொடைப் பக்கங்களிலே தோட்டங்கள் நிலைபெற்றன. களனிப் பள்ளத்தாக்கின் சிறு இரயில் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டிற்று. நாடெங்கும் தோட்டங்களில் வாழ்ந்தோர் 1891இல் 2,62,000க்குச் சற்று மேல். 1901இலோ 4,41,000க்கும் மேல். இவ்விரண்டு எண்களை மட்டும் பார்த்தால் தோட்டங்கள் பெருகின என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால், நாட்டின் மொத்தப் பெருக்கமாகிய 5,58,165உடன் சேர்த்து ஒரே நிரையில் எழுதிப் பாருங்கள். பத்தாண்டில் கூடிய மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தோட்டத்திலே கூடியவர். தொட்டிலிலிருந்து மட்டும் இப்பெருக்கம் வந்திருக்க முடியாது. பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்தது. இந்நாட்டின் செல்வம் எவர் கால் நடந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று நான் கண்டதில்லை.

அருணாசலம் தம் அறிக்கையை வெறும் எண்களின் புத்தகமாய் விட்டுவிடவில்லை. நான்கு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பதிப்பின் அறிக்கைப் பகுதியிலே நாட்டின் வரலாறும், சமயங்களும், மொழிகளும், வழக்கங்களும் இடம்பெற்றன. 1906இல் இலங்கை வரலாறு பற்றி அவர் தனி நூலும் வெளியிட்டார். புறநானூற்றையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்திலே பெயர்த்த கையே பிறப்பு இறப்பு நிரல்களையும் எழுதிற்று என்பதை நினைக்கையில், நம் காலத்துப் புள்ளிவிபர நூல்களின் வறட்சி உறுத்துகிறது.

இனி, என் மனத்தை நெடுநாளாய்ப் பிடித்திருக்கும் ஒரு விடயம். 1901ஆம் ஆண்டின் இன அட்டவணையிலே சிங்களவர் 23,30,807 பேர். அவர்களைக் கரைநாட்டார் 14,58,320 என்றும், கண்டி நாட்டார் 8,72,487 என்றும் அக்கணக்கு பிரித்தது. தமிழரோ 9,51,740 பேர், ஒரே தொகை. யாழ்ப்பாணத்து வேளாளரும், மட்டக்களப்பு உழவரும், கேகாலைத் தோட்டத்து லயத்திலே ஆறு மாதத்திற்கு முன் வந்திறங்கியவரும் ஒரே தலைப்பின் கீழ் நின்றனர். பத்தாண்டு கழித்து 1911இலே டெனம் என்னும் ஆங்கிலேயர் நடத்திய கணக்கெடுப்பில் அந்த ஒரு நிரல் இரண்டாயிற்று: இலங்கைத் தமிழர் 5,28,000 அளவில், இந்தியத் தமிழர் 5,31,000 அளவில்.

எது சரியான அட்டவணை? ஆசிரியன் என்ற முறையில் இதற்கு உடனே விடை சொல்ல நான் தயங்குகிறேன். பிரித்தெழுதியதிலே பயன் உண்டு. தோட்டத்து மரணமும், தோட்டத்துக் கல்வியின்மையும் பெருந்தொகையில் கரைந்து மறையாமல் தனியே தெரிவதற்கு அப்பிரிவு உதவும். ஒன்றாய் எழுதிய நிரல், இரு சராசரிகளைக் கலந்து எவருக்கும் பொருந்தாத மூன்றாம் சராசரியைத் தரும். 2012ஆம் ஆண்டின் கணக்கை எடுத்தாலும் இது விளங்கும். சப்பிரகமுவவில் 19,28,655 பேர், சதுரக் கிலோமீற்றருக்கு 388 பேர் என்று ஒரே தொகையாய்ச் சொன்னால், கேகாலையில் 497ம் இரத்தினபுரியில் 332ம் என்னும் வேற்றுமை மறைந்துபோகும். ஆகவே, பிரிப்பது குற்றமன்று. ஆனால், மனிதருக்கு இட்ட தலைப்பு எண்ணோடு நிற்பதில்லை. அந்த இரண்டாம் நிரலில் எழுதப்பட்டோரின் மக்களும் பேரரும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 என்று ஒரு தொகையாக்கி, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பின்னர்த் தீர்மானிக்க என்று மூன்று கூறாய் வகுத்தது. மீந்த கூறும் 1974இல் சரிபாதியாய்ப் பகிரப்பட்டது. வகுத்தற் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மீதி என்ற சொல்லை நான் ஒருபோதும் இலேசாய் உச்சரிப்பதில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அந்த மீதியிலே சகோதரரைப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

அருணாசலம் ஒரே தலைப்பிட்டது நிருவாக வசதிக்காகவா, முன்னைய மதிப்புக்களோடு ஒப்பிடுவதற்காகவா, அல்லது மொழியால் ஒன்றான மக்களை அவர் உள்ளம் பிரிக்க ஒப்பவில்லையா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அவருடைய பிற்கால வாழ்வு மட்டும் ஒரு சாட்சி சொல்கிறது. நிருவாக சபையிலும் அமர்ந்து, 1913ஆம் ஆண்டு உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய அப்பெருமகன், மாளிகையிலே ஓய்ந்திருந்திருக்கலாம். 1915 சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். 1919இல் தோட்டத் தொழிலாளருக்காக இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவினார். மலைநாட்டிலே பிறந்து கேம்பிரிட்ஜிலே படித்து வந்த பெரி. சுந்தரம் அதன் செயலாளராய் அவருக்குத் துணை நின்றார்.

அக்காலத்துத் தோட்டத் தொழிலாளியின் நிலையை இன்றைய மாணவர் அறிய வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நீங்கினால் அது கடன் வழக்கன்று, குற்ற வழக்கு. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. இவ்வளவு தொகை செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. அதைக் கொண்டு கங்காணி வேறு தோட்டத்திலே கூடிய முன்பணம் பெறுவான். புதிய கடன் பழைய கடனின் மேல் ஏறும். மனிதன் செக்ரோலிலே ஒரு பேர். துண்டிலே ஒரு தொகை. இவ்விரு புத்தகங்களிலும் இல்லாத ஒரு நிரலை, அதாவது ஆண்டுதோறும் எத்தனை தொழிலாளர் சிறைக்குப் போகின்றனர், எத்தனை கடன் சுமக்கின்றனர் என்ற கேள்வியை, பொதுமேடையிலும் அரசாங்கத்தின் முன்னும் இடைவிடாது வைத்தவர்களுள் முன்னின்றவர் அருணாசலம். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. சிறைத் தண்டனைப் பிரிவுகள் 1922இல் நீங்கின. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் அதற்குக் காரணம் என்பதை மறைக்கலாகாது. எனினும், கொழும்பு மேட்டுக்குடியிலே பிறந்த ஒருவர் அறுபத்தைந்து வயதிற்கு மேல் லயத்து மனிதருக்காக எழுந்து நின்றது அந்நாளிலே சாதாரணச் செயலன்று. அவரைப்போலப் படித்த யாழ்ப்பாணத்தார் பலர் தோட்டத்தை எட்டிப் பார்க்கவுமில்லை என்பதை நான் மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன்.

அரசியல் வாழ்வின் இறுதிப் பகுதி துயரமானது. 1919 டிசெம்பரிலே பிறந்த தேசிய காங்கிரசின் முதற்றலைவரானார். மேல் மாகாணத்துத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று தந்த வாக்கு காக்கப்படவில்லை என்ற மனவேதனையோடு 1921இல் அதைவிட்டு நீங்கினார்; 1923இல் இலங்கைத் தமிழர் லீக்கைத் தொடங்கினார். சிங்களவர் தமிழர் என்ற எண்களை ஒரே தாளிலே ஒழுங்காக எழுதியவரால் அவர்களை ஒரே சபையிலே நிறுத்த முடியாமற் போயிற்று. தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றவர், 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையிலே உயிர் நீத்தார். கரையைக் கடந்து மலைக்கு வந்த இலட்சக்கணக்கானோரை எண்ணியவர், எதிர்த்திசையில் அதே கடலைக் கடந்து, அவர்களிற் பலர் புறப்பட்ட நாட்டிலேயே மண் வாழ்வை முடித்தார்.

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்லிவிட்டு, சென்ற மாதம் அதே பாடத்தை மறுபடியும் நடத்தினேன். இம்முறை இரண்டு அட்டவணை கேட்டேன். ஒன்றிலே தம் லயத்தில் விழுந்த பேர்கள். மற்றதிலே அந்த லயத்தில் வாழும் எல்லாரும், தொட்டிலும் பாட்டியும் உட்பட. இரண்டையும் அருகருகே சலாகைகளாய் வரையும்படி சொன்னேன். தாள்களைத் திருத்திக்கொண்டு வருகையில், முன்பு கேள்வி கேட்ட அந்த மாணவியின் தாள் கைக்கு வந்தது. வரவுக்குறி நிரலிலே, முழு நாட்களுக்கு நெடிய கோடுகளும், தாய் அரைப்பேர் பெற்ற நாட்களுக்கு அரை உயரத்தில் குறுங்கோடுகளுமாய் அவள் இட்டிருந்தாள். ஒவ்வொரு குறுங்கோட்டின் அடியிலும் தேதி எழுதியிருந்தாள். பாடநூலிலே அத்தகைய குறி இல்லை. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.